மூன்றாவது தோட்டா

எங்கள் தாகேதா பேட்டைக் கோயில் திருவிழாவில் புலி மூன்றாவது வெடிக்குத்தான் சாக வேண்டும். முதல் வெடி சாமிக்கு, இரண்டாவது காட்டுக்கு, மூன்றாவதுதான் புலிக்கு. யார் போட்ட சட்டமோ தெரியாது. ஆனால் புலிவேஷம் கட்டும் என் அப்பா அதை வேதவாக்காக மதித்தார். எனக்கு ஏழு வயதான வருஷம் எங்கள் குடும்ப மானம் கப்பலேறியதற்கு அதுதான் காரணம்.

வேட்டைக்காரன் வேஷம் என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு. கையில் பிடிக்கும் துப்பாக்கி, கப்பலில் வேலை பார்க்கும் பெரியப்பா எந்தத் துறைமுகத்திலோ வாங்கி வந்தது. அதைப் பொம்மைத் துப்பாக்கி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மரமும் இரும்புமாக நல்ல கனம். பித்தளைத் தோட்டாவுக்குள் பொட்டுவெடியை வைத்து உள்ளே தள்ள வேண்டும். விசையை அழுத்தினால் வெடிக்கும். அடியில் இருக்கும் லீவரைக் கீழே இழுத்தால் காலித் தோட்டா துள்ளி வெளியே விழும், மேலே தூக்கினால் அடுத்தது உள்ளே போகும்.

அந்த வருஷம் அது துள்ளவில்லை. முதல் வெடி வெடித்ததுமே காலித் தோட்டா குறுக்கே சிக்கி, லீவர் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றுவிட்டது. ஒரே வெடிக்குச் சாக அப்பா மறுத்துவிட்டார். பாய்ந்தார், உறுமினார், தெருவில் உருண்டார். மேளக்காரர்களுக்குக் கை ஓய்ந்துபோனது. கடைசியில் மாமா வாயாலேயே இரண்டு தடவை "டுமீல்" என்று கத்த, புலி பெரிய மனசு பண்ணிச் செத்தது. ஆளாளுக்குக் கைபேசியில் படம் பிடித்தார்கள். மறுநாளிலிருந்து மாமாவுக்கு வாய்வேட்டு என்று பெயர் வந்தது. அடுத்த வருஷமும் இப்படி நடந்தால் வேட்டைக்காரன் வேஷம் மோஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் கடைக்காரர் மகனுக்குப் போய்விடும் என்று கோயில் பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

துப்பாக்கியில்தான் கோளாறு என்று மாமா சொன்னதை யாரும் நம்பவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே பாடினாள். மாமா தையல் ஃபேக்டரிகளில் மிஷின் பழுது பார்ப்பவர். ஓடாத ஒரு மிஷினை அவரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அடுத்த திருவிழா நெருங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்துத் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டார். நான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். எனக்கு அதைவிடப் பெரிய திருவிழா வேறு இல்லை.

முதலில் அழுக்குதான் காரணம் என்று நினைத்து எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவினார். அப்படியும் சிக்கியது. பிறகு லீவரை மெதுவாக, மிக மெதுவாக இழுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு சின்னக் கொக்கி தோட்டாவின் விளிம்பைக் கவ்விப் பின்னால் இழுத்து வந்தது. வந்த தோட்டாவைப் பக்கவாட்டில் தட்டி வெளியே தள்ள ஓர் ஊசிமுனை இருந்தது. எஜெக்டர் என்று மாமா அதற்குப் பெயர் சொன்னார்.

"கொக்கி ஒழுங்கா இழுக்குது பாப்பா. தள்ளுறவன்தான் தூங்குறான்" என்றார்.

எஜெக்டருக்குப் பின்னால் இருந்த ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. தையல் மிஷினில் நூலை இறுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் ஒன்றைக் கொண்டுவந்து அங்கே பொருத்தினார். லீவரை இழுத்ததும் தோட்டா தகரக் கூரையில் டங்கென்று மோதி, அம்மாவின் மீன்குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. அம்மா போட்ட சத்தத்தில் நாங்கள் இருவரும் தெருவுக்கு ஓடிவிட்டோம். ஓடும்போதே எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. துப்பாக்கிக்கு உயிர் வந்துவிட்டது!

ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்ததும் வேகம் அடங்கியது. நான் லீவரை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் தோட்டா மீனைப் போலத் துள்ளியது. வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். மாமாவுக்குத்தான் திருப்தி இல்லை. தோட்டா நேராக மேலே போகிறதாம், அது வலப்பக்கமாகப் போக வேண்டுமாம். எஜெக்டரின் முனையை அரத்தால் கொஞ்சம் ராவுவார், மாட்டுவார், இழுப்பார், மறுபடி கழற்றுவார். முற்றத்தில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்து, தோட்டா அதற்குள் விழும்வரை விடவில்லை. ஏன் வலப்பக்கம் என்று கேட்டேன். புலி இடப்பக்கம் இருக்கும், அதன் கண்ணில் பட்டுவிட்டால் உன் அப்பாதானே கஷ்டப்படுவார் என்றார். அப்பாமேல் மாமாவுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

திருவிழா வந்தது. காலித் தோட்டாக்களைப் பொறுக்கிக் கொடுப்பது என் பொறுப்பு. இருந்தது மூன்றே தோட்டா, ஒன்று தொலைந்தாலும் புலி சாகாது. ஊர்வலம் ஒவ்வொரு முனையிலும் நின்றது. மாமா சுட்டார், லீவரை இழுத்தார், தோட்டா துள்ளியது. ஜனங்கள் கைதட்டினார்கள். வாய்வேட்டு என்று கூப்பிட ஒருவருக்கும் வாய் வரவில்லை. பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கோயிலுக்கு முந்தின முனையில் ஒரு வேதக்கார வீடு. சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் பெரியவரும் அவர் மகளும் கேட்டருகில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த அக்கா கன்னத்தில் தனாக்கா மரப்பட்டையைச் சந்தனம்போல அரைத்துப் பூசியிருந்தாள். அங்கே மட்டும் மாமா ஓரடி பின்வாங்கி, கொஞ்சம் திரும்பி நின்று சுட்டார். மூன்றாவது தோட்டா வலப்பக்கமாக உயர்ந்து, வளைந்து, நேராக அந்த அக்காவிடம் போனது. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்தாள். நான் கண்ணால் பார்த்தேன்.

ஓடிப்போய்க் கையை நீட்டினேன். "எங்க மாமா தோட்டாவக் குடுங்க."

பெரியவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அக்காவின் முகம் தனாக்காவையும் மீறிச் சிவந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"எங்கிட்ட இல்லியே பாப்பா. சாக்கடையில விழுந்துடுச்சு போல" என்றாள்.

பாவம் அந்தப் பெரியவர், சின்னப் பிள்ளையின் பொருளாயிற்றே என்று டார்ச்சை எடுத்துவந்து குனிந்து சாக்கடையில் தேட ஆரம்பித்துவிட்டார். ஊர்வலம் நகர்ந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டியது. அடுத்தது கோயில் வாசல், பெரியவர்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஓடிப்போய் மாமாவின் சட்டையைப் பிடித்தேன்.

"அந்த அக்கா பொய் சொல்றாங்க மாமா. கையில வச்சுக்கிட்டே இல்லங்குறாங்க."

மாமா நின்றார். "அவங்கப்பா முன்னாடியா?"

ஆமாம் என்றேன்.

"இல்லேன்னுதான் சொன்னுச்சா? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு."

மறுபடியும் சொன்னேன். திருடியைத் திட்டுவார் என்று பார்த்தால், மாமாவின் முகம் சாமி வந்தவர் முகம்போல ஆகிவிட்டது. கைலி மடிப்பிலிருந்து நான் கண்டே இராத நான்காவது தோட்டா ஒன்றை நிதானமாக எடுத்துத் துப்பாக்கிக்குள் போட்டார். இது எப்படி வந்தது, இருந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கக்கூட எனக்கு அவகாசம் இல்லை.

கோயில் வாசலில் மூன்று வெடியும் மணிமணியாக வெடித்தன. மூன்று தோட்டாவும் துள்ளின. புலி அந்தரத்தில் சுழன்று விழுந்து, கைகால் உதறிச் செத்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. வேட்டைக்காரன் வழக்கப்படி புலியின் நெஞ்சில் ஒரு காலை வைத்தார். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் தோள் குலுங்கியது. நான் தோட்டா பொறுக்கக் குனிந்தேன்.

செத்த புலி அட்டை முகமூடிக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டது: "மாப்ள, எந்த வீட்டுப் பொண்ணு?"

தொலைந்தது தோட்டா. இதில் பெண் எங்கிருந்து வந்தாள், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த அப்பாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.