சட்டை சுமக்கப் போன நாய்க்குட்டி

கஜகஸ்தானின் அல்மாத்தி நகரில் டிராலிபஸ் ஓட்டும் ரௌஷானுக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வராது. சொந்தக்காரர்கள் யாருக்கு எந்தப் பொட்டலம் கொடுத்தனுப்பினாலும் அது அவள் தோளில்தான் ஏறும். அப்படிப்பட்டவள் அந்த வசந்தத்தில் தானாக விரும்பி ஒரு சுமையை ஏற்றுக்கொண்டாள்: ஒல்லிக்கால் வேட்டை நாய்க்குட்டி ஒன்று.

நாட்டின் மறுகோடியில், அக்தாவில் இருக்கும் தங்கை கம்ஷாத்துக்குப் பெண் பிறந்திருந்தது. எங்கள் வழக்கப்படி, நாற்பதாம் நாள் குழந்தையின் முதல் சட்டையில் மிட்டாய் முடிந்து நாயின் கழுத்தில் கட்டுவார்கள். பிள்ளைகள் நாயைத் துரத்திப் பிடித்து மிட்டாயைத் தின்னவேண்டும். அடுக்குமாடியில் நாய்க்கு எங்கே போவது, கடையில் பொம்மை நாய் வாங்கினால் போதும் என்று கம்ஷாத்தின் மாமியார் முடிவு கட்டிவிட்டார்.

"எம்பொண்ணு சட்டைய பஞ்சு பொம்மைக்கா கட்டுறது, அக்கா?" என்று தங்கை போனில் அழுதாள். உயிருள்ள நாயோடு வருகிறேன் என்று ரௌஷான் வாக்குக் கொடுத்தாள்.

அதற்காக அவள் அலைந்தது கொஞ்சமல்ல. மருத்துவச் சான்று, தடுப்பூசி, விமானத்தில் தன்னோடு உள்ளே கொண்டுபோக முன்அனுமதி எல்லாம் வாங்கினாள். இருக்கைக்கு அடியில் நுழையும் துணிப்பை தேடி வாங்கி, குட்டியை அதில் தூங்கப் பழக்கினாள். பையும் குட்டியும் சேர்ந்து எட்டு கிலோவைத் தாண்டக்கூடாது. தராசில் வைத்துப் பார்த்தாள். எடை தாராளமாக வரம்புக்குள் இருந்தது.

கிளம்பும் காலையில் வழியனுப்ப வீடே நிறைந்தது. விருந்து, வாழ்த்து, கண்ணீர் எல்லாம் முடிந்து விமான நிலையத்துக்கு வந்து தராசில் பையை வைத்தால், எடை எகிறி நின்றது.

"எட்டுக்கு மேல இருக்கு, அக்கா. இதை உள்ள விட முடியாது" என்றாள் கவுண்டர் பெண். அந்த விமானத்தில் சரக்கோடு பிராணிகளை ஏற்றுவதும் கிடையாதாம். விழா மறுநாள், அதற்குள் போய்ச்சேர வேறு விமானம் இல்லை.

"கார்ல வரும்போதே வளந்துடுச்சு போல" என்றார் பின்னால் நின்ற தடித்த மனிதர்.

ரௌஷான் குட்டிக்கு அடியில் இருந்த மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். வெட்டிக் காகிதத்தில் மடித்த குதிரைக்கறி சாசேஜ். அதற்கும் கீழே எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகள். குல்யாஷ் அத்தையின் கைவரிசை. விருந்து வீட்டிலிருந்து யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டாள் அவள். ரௌஷானின் பெட்டியோ மற்றவர்கள் பொட்டலங்களால் ஏற்கெனவே எடை முட்டி நின்றது. அத்தையைப் போனில் பிடித்தாள்.

"விருந்துச் சாப்பாட்டை குப்பையில போட்டா குழந்தைக்கு ஆகாதுடி. நாய விட்டுட்டுப் போ. அங்க நாயா கிடைக்காது?"

"மாட்டேன், அத்தை."

போனை அணைத்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பதே ரௌஷானுக்கு உறைத்தது. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

"நாளைக்கு என் தங்கச்சி பொண்ணுக்கு நாப்பது. எடுத்துக்குங்க. வாழ்த்திட்டுச் சாப்பிடுங்க."

அப்படிக் கேட்டால் எங்கள் பக்கத்தில் யார் மறுப்பார்? உரோமத் தொப்பிக்காரர் ஒருவர் உள்ளங்கைகளை விரித்து, முன்பின் தெரியாத அந்தக் குழந்தைக்கு நீண்ட ஆயுள் கேட்டார். வரிசை முழுவதும் ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டது. தடித்த மனிதர் இரண்டு முறை எடுத்தார். காகிதம் காலியானதும் பை மீண்டும் தராசில் ஏறியது. கவுண்டர் பெண் வாயில் உருண்டையை மென்றபடியே பையில் அனுமதிச் சீட்டைக் கட்டினாள்.

விமானம் எழும்பியபோது குட்டி முனகியது. ரௌஷான் வலைத்துணிக்குள் விரலை நுழைத்தாள். அதைச் சப்பிக்கொண்டே உறங்கிப்போனது.

மறுநாள் அக்தாவின் அடுக்குமாடி முற்றத்தில், கழுத்தில் குட்டிச் சட்டையோடு அது ஓடிய ஓட்டத்தில் தெருப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மூச்சு வாங்கியது. மிட்டாய் வழியெல்லாம் சிதறியது. கம்ஷாத் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக் காட்டிக்காட்டிச் சிரித்தாள். விருந்துக்கு உட்காரும்போது வாசலோரம் அமரப்போன ரௌஷானின் கையை மாமியார் பிடித்து, கூடத்தின் தலைப்பக்கத்தில், பெரியவர்கள் உட்காரும் இடத்தில் உட்காரவைத்தார். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.