செல்லாத அடி

ஜொய்சியின் கெண்டோவைப் பற்றி வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு அபிப்பிராயம் இருந்தது. அம்மா அல்போன்சம்மாவைக் கேட்டால், அது கலியாணத்தைத் தள்ளிப்போட மகள் கண்டுபிடித்த சாட்டு. தம்பி ஜெராட்டுக்கு அது பகிடி. "எங்கட குடும்பத்தில கம்பஸ் முடிச்ச முதல் ஆள். முடிச்சுப்போட்டு இப்ப கம்படிக்கிறா" என்றுதான் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அக்காவை அறிமுகப்படுத்துவான்.

மன்னாரிலிருந்து பதினான்கு வயதில் மொன்ட்ரியாலுக்கு வந்தவள் ஜொய்சி. சமூகவியலில் பட்டம் எடுத்தாள். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த வேலை லொங்குய்யில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் தொலைபேசிக்குப் பதில் சொல்வது. மறுமுனையில் இருப்பவர்கள் தங்கள் கார் இடிபட்ட கதையைச் சொல்லி முடித்ததும், மரியாதையாகத்தான், "உங்கள் உச்சரிப்பு எந்த நாட்டினுடையது?" என்று கேட்பார்கள்.

மொன்ட்ரியால்-நோரில் ஒரு பாடசாலை மண்டபத்தில் கெண்டோ பழக்குகிறார்கள் என்ற சுவரொட்டியைப் பார்த்துத்தான் போனாள். மூங்கில் வாளால் அடித்து விளையாடும் ஜப்பானியர்களின் கலை. முதல் நாள் அவளைக் கவர்ந்தது வாள் அல்ல, முகமூடி. இரும்புக் கம்பிகள் போட்ட அந்த முகமூடிக்குள் போய்விட்டால் முகமும் தெரியாது, நிறமும் தெரியாது. ஒருவரும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். எப்படி அடிக்கிறாய் என்று மட்டும் பார்ப்பார்கள்.

முதல் வருடம் இடது பாதத்தின் தோல் உரிந்தது. இரண்டாம் வருடம் தோள் இறங்கப் பழகியது. மூன்றாம் வருடம் குரல்தான் அவளை மறித்தது. கெண்டோவில் அடிக்கும் இடத்தின் பெயரைச் சொல்லிக் கத்தவேண்டும். தலையில் அடித்தால் "மென்!" என்று வயிற்றிலிருந்து வரவேண்டும். கத்தாத அடி, எவ்வளவு சரியாக விழுந்தாலும் செல்லாது. ஜொய்சிக்கோ சத்தம் வெளியே வருவதில்லை. சத்தம் போடாதே என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட பிள்ளை. போர்க்காலத்திலும் அப்படி, மெல்லிய சுவர் உள்ள அப்பார்ட்மென்டிலும் அப்படி.

ஆகவே ஞாயிறு காலைகளில் நகரின் ஓரத்தில் இருக்கும் இல்-பிசார் தீவுக்குப் போகத் தொடங்கினாள். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை மத்தியானத்துக்குப் பிறகுதான். தான் காலையில் பிரெஞ்சுப் பூசைக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, எப்போதாவது வரும் பஸ்ஸைப் பிடித்து, ஆற்றங்கரையில் ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்று கத்துவாள். அவளுக்குக் கடவுள் நம்பிக்கை எப்போது போனது என்று அவளாலேயே சொல்ல முடியாது. சண்டை பிடித்துக்கொண்டு போகவில்லை. ஒரு நாள் தேடிப் பார்த்தபோது இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு வசந்தத்தில் கெண்டோக் கழகம் டொரண்டோப் போட்டிக்கு மூன்று பெண்களை அனுப்ப இருந்தது. இரண்டு இடம் நிச்சயம். மூன்றாவது இடத்துக்கு ஜொய்சியும் கூடப் பழகும் மெலனியும் மோதவேண்டும் என்று கழகத்தை நடத்தும் ஸ்டெபான் அறிவித்தான். ஸ்டெபான் நகர பஸ்களைத் திருத்தும் மெக்கானிக். பேச்சுக் குறைந்தவன், பக்கச்சார்பு இல்லாதவன். நான்கு வருடமாக மற்றவர்களின் பைகளைக் காவி, நேரம் பார்த்து, கைதட்டிக்கொண்டிருந்த ஜொய்சிக்கு அந்த மூன்றாவது இடத்தைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தெரிவுப் போட்டியன்று அம்மாவும் வந்தாள். "ஆரோடை நிண்டு அடிபடுறாய் எண்டு நானும் ஒருக்காப் பாக்கத்தானே வேணும்" என்று ஜெராட்டின் காரில் ஏறிவிட்டாள்.

இரண்டு புள்ளி எடுப்பவர் வெற்றி. ஆளுக்கு ஒன்று என்று நின்றது. மெலனியின் வாள்முனை ஒரு கணம் தாழ்ந்ததை ஜொய்சி கண்டாள். கண்டதாகக்கூடச் சொல்ல முடியாது. கால் பாய்ந்துவிட்டது, "மென்!" என்ற சத்தம் மண்டபச் சுவரில் அடித்துத் திரும்பியது, அவளுக்குப் புள்ளி என்று மூன்று நடுவர்களின் சிவப்புக் கொடிகளும் ஒன்றாக எழுந்தன. அதுதான் அவள் வாழ்நாளில் அடித்த மிகச் சிறந்த அடி.

மெலனியைக் கடந்து ஓடித் திரும்பியபோது ஏதோ முகமூடிக் கம்பியில் முட்டி டக்கென்றது. அவளுடைய வலது கையுறைதான். கை வாளை விட்டு எழுந்து நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு இறங்கி, இடது தோள், வலது தோள் என்று சிலுவை போட்டு முடித்திருந்தது.

பரீட்சைத் தாள் கைக்கு வந்தால், பஸ் புறப்பட்டால், காய்ச்சல் விட்டால், நல்லது எது நடந்தாலும் உடனே சிலுவை போடச் சொல்லி அம்மா பழக்கிய கை அது.

கெண்டோவில் அடித்த பிறகும் எதிராளியைவிட்டுக் கவனம் விலகக்கூடாது. வாளை விட்டுக் கையெடுத்து மகிழ்ச்சி காட்டினால் கொடுத்த புள்ளியையும் திருப்பி எடுப்பார்கள். நடுவர்கள் மூவரும் கூடிக் கதைத்தார்கள். பிறகு தலைமை நடுவராக நின்ற ஸ்டெபான் தாழ்த்திப் பிடித்த கொடிகளை இடமும் வலமும் ஆட்டினான். புள்ளி இல்லை. அடுத்த நிமிடம் மெலனி ஜொய்சியின் மணிக்கட்டில் அடித்து ஆட்டத்தை முடித்தாள்.

காரில் அம்மா கேட்டாள். "என்னத்துக்குக் குடுத்ததைப் பறிச்சவங்கள்?"

"சிலுவை போட்டதுக்காம்" என்றான் ஜெராட். "நான் அங்க ஒரு பெடியனிட்டைக் கேட்டனான்."

அம்மா பின்பக்கம் திரும்பி மகளின் வியர்த்த கன்னத்தைத் தடவினாள். "அத்தனை பேருக்கு முன்னால ஆண்டவரை மறக்கேல்லையே என்ர பிள்ளை. தோத்தா என்ன? நீ கம்படிக்கிறது பிழை எண்டு இனி நான் வாய் திறக்கமாட்டன்."

இல்லை அம்மா, அது பழக்கதோஷம், என்னுடைய பிழை என்று ஜொய்சி சொல்லியிருக்கலாம். ஆனால் கெண்டோ தொடங்கிய பிறகு அம்மாவின் கை இப்படித் தன்னைத் தடவியது அதுதான் முதல் தடவை. அவள் கன்னத்தை விலக்கவில்லை.

அடுத்த கிழமை மெலனி மாடிப்படியில் கால் பிரட்டிக்கொண்டாள். "நீ வருகிறாய். தயாராகு" என்றான் ஸ்டெபான். ஜொய்சி அன்றைக்கு வீட்டுக்கு ஒரு தரிப்பிடம் முன்பே இறங்கி நடந்தாள். பையின் பாரமே தெரியவில்லை.

ஆனால் அம்மா சும்மா இருக்கவில்லை. தமிழ்ப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் பேரின்பநாயகம். திருகோணமலைப் பக்கம் தபாலதிபராக இருந்தவர், கோயில் பங்கில் யாருக்கு அநியாயம் நடந்தாலும் முன்னுக்கு நிற்பவர். அந்த மாதம் முழுக்க, தலையில் துணி கட்டிய முஸ்லிம் சிறுமிகளைப் போட்டியில் விடாத கதைதான் வானொலியில். பேரின்பநாயகம் திங்கட்கிழமை காலை, கெண்டோ நடக்கும் மண்டபத்தை வாடகைக்குக் கொடுக்கும் நகரசபை அலுவலகத்துக்குப் போன் எடுத்து, ஒரு கத்தோலிக்கப் பிள்ளையைச் சிலுவை போட்டதற்காகத் தோற்கடித்திருக்கிறார்கள் என்று முறையிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஸ்டெபான் ஜொய்சியை வாசலிலேயே மறித்தான்.

"முறைப்பாடு கொடுத்தாயா?"

"இல்லை. எனக்குத் தெரியவே தெரியாது."

"நானும் சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தவன்தான். என் அம்மாவின் குசினியில் இன்னும் சிலுவை தொங்குகிறது. ஆனால் இங்கே அதையெல்லாம் சப்பாத்தோடு வெளியே விட்டுவிட்டு வருகிறோம்."

"நான் பக்தியில் போடவில்லை ஸ்டெபான். கவனம் தவறிவிட்டது. நீங்கள் புள்ளியை எடுத்தது சரி."

அவன் நம்ப விரும்பினான் என்றுதான் தெரிந்தது. "அப்படியென்றால் போன் எடுத்தவரை அதைச் சொல்லவை. வெள்ளிக்கிழமைக்குள். இல்லாவிட்டால் மண்டபம் போய்விடும். மண்டபம் போனால் எல்லாருக்கும் போய்விடும்."

அன்றைக்கு அம்மா குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நகரசபைக்குப் போன் எடுத்தது பேரின்பநாயகம்தான் என்று மறைக்காமல் சொன்னாள்.

"அம்மா, அது நான் வேணுமெண்டு போட்ட சிலுவை இல்லை. கை தானாப் போச்சு."

"தானாப் போனாத்தான்டி விசுவாசம்" என்றாள் அம்மா, கத்தியை நிறுத்தாமல்.

"எனக்கு விசுவாசம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில நான் பூசைக்குப் போறேல்லை. இல்-பிசாரில நிண்டு கத்திப் பழகினனான்."

கத்தி நின்றது.

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசமா நான் உன்னைக் கேட்டிருக்கிறன், பிரசங்கம் என்னெண்டு. நீயும் சொல்லியிருக்கிறாய்."

"ஓம்."

அம்மா வெட்டிய கத்தரிக்காயைத் தண்ணீருக்குள் தள்ளினாள். "நம்பரைத் தாறன். அந்த மனிசனுக்கு நீயே சொல்லு. என்னாலை ஏலாது."

ஜொய்சி பேரின்பநாயகத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். விதியைச் சொன்னாள். பிழை தன்னுடையது என்றாள். தான் கோயிலுக்கே போவதில்லை என்றும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு விளங்குது பிள்ளை. உவங்கள் உன்னை வெருட்டி வைச்சிருக்கிறாங்கள்."

"இல்லை ஐயா, ஒருத்தரும் வெருட்டேல்லை."

"அப்பிடித்தான் சொல்லச் சொல்லுவாங்கள். நான் எத்தினை பேரைக் கண்டிருப்பன். நீ பயப்பிடாதை. நாங்கள் இருக்கிறம்."

அடுத்த நாள் காலை அவர் நகரசபைக்குத் திரும்பவும் போன் எடுத்தார். பிள்ளையை மிரட்டி வாயை அடைக்கப் பார்க்கிறார்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை ஸ்டெபான் மூன்றாவது இடத்தைச் சோபிக்குக் கொடுத்தான். சோபி வந்து சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கால் இன்னும் சரியாக வைக்கத் தெரியாது. "எனக்கு அமைதி வேண்டும். உன் அடியில் குறை இல்லை" என்று அவன் ஜொய்சியிடம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவள் பேரோடு பிரச்சினை ஒன்று இருக்கும்வரை அவளை எங்கும் அனுப்புவது கஷ்டம் என்பதையும் சொன்னான். மற்றவர்கள் தங்கள் கவசங்களை மடித்துக்கொண்டே இருந்தார்கள்.

டொரண்டோவில் போட்டி நடந்த ஞாயிறு, அம்மா பூசையால் வந்து உடுப்பு மாற்றாமலே மேசையடியில் இருந்தாள்.

"இண்டைக்கு உனக்காக மன்றாடினவை."

"என்னத்துக்கு?"

"உன்னை டொரண்டோவுக்கு விடேல்லை எண்டு."

"நீங்கள் உண்மையைச் சொல்லேல்லையோ அம்மா?"

"எந்த உண்மையை? என்ர பிள்ளை ரெண்டு வருசமா எனக்குப் பொய் சொன்னது எண்டோ?" அம்மாவின் குரல் உயரவில்லை. "வாற ஞாயிறு என்னோடை வா. சனம் கேட்டாத் தலையாட்டு. அது காணும்."

ஜொய்சி மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு நல்ல காரணங்கள் இருந்தன, படித்தவள், காரணங்களை அழகாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவள். ஆனால் யாருக்குச் சொல்வது? கழகத்தில் அவள் சிலுவைக்காரி. பங்கில் அவள் விசுவாசத்தின் சாட்சி. அந்த ஒரு அடியைப் பற்றிப் பேசக்கூடிய ஒரே ஆள், அதைத் தலையில் வாங்கிய மெலனி. அவளோ கால் கட்டோடு வீட்டில் இருந்தாள்.

அடுத்த ஞாயிறு காலை இல்-பிசார் பஸ்ஸைப் போகவிட்ட ஜொய்சி, மத்தியானம் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டு அம்மாவோடு புறப்பட்டாள். கோயில் வாசலில் பிலோமினம்மா அவளை இழுத்து அணைத்தாள். "வேதத்துக்காகத் தோத்த பிள்ளை" என்று பக்கத்தில் நின்றவர்களுக்குக் காட்டினாள். "ஆண்டவரை விடமாட்டன் எண்டு அங்கையே சொன்னனியாமே? உண்மையோ பிள்ளை?"

அம்மா இரண்டடி தள்ளி நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜொய்சி தலையாட்டினாள்.