இஸ்திகாராவும் முளை நெல்லும்

அன்புச் சகோதரிகளே, அல்லாஹ்வின் சாந்தி உங்கள் வீடுகளில் இறங்கட்டும். இதை எழுத எனக்கு வெட்கம்தான். ஆனாலும் எழுதாமல் இருக்க மனம் விடவில்லை.

போன பெரும்போக நெல்லுக்கு வயல் உழுதுகொண்டிருந்த நாட்கள். குளிக்கும்போது என் இடது மார்பில் ஒரு கட்டி கையில் பட்டது. கடலை அளவுதான், நோவில்லை. ஒரு வாரம் மறைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னேன். அவர் மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். சோதித்துப் பார்த்த டாக்டர், ஒப்பரேஷன் செய்து எடுக்க வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்று திகதியும் தந்தார்.

என் உம்மா இதே நோயில்தான் மவுத்தானார். கத்தி பட்டதால்தான் பரவியது என்று அன்றைக்கு வீட்டில் எல்லோரும் கதைத்தார்கள். அது என் நெஞ்சில் ஊறிக் கிடந்தது. எனக்குச் சாகப் பயம். அதைவிடக் கத்திக்குப் பயம். இஸ்திகாரா தொழுதுவிட்டு முடிவு சொல்கிறேன் என்று கணவரிடம் சொன்னேன்.

இரண்டு ரக்அத் தொழுது, நல்லதென்றால் நடத்தித் தா, கெட்டதென்றால் திருப்பிவிடு என்று அல்லாஹ்விடம் கேட்பதுதான் இஸ்திகாரா. தொழுத பிறகு கனவில் வெள்ளையோ பச்சையோ கண்டால் செய்யலாம், சிவப்பைக் கண்டால் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. மார்க்கத்தில் அப்படி இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவள் நான். இருந்தும் கனவுக்குக் காத்துக் கிடந்தேன். ஒன்றும் வரவில்லை.

எதைக் கண்டாலும் அதில் ஒரு பாடம் எடுப்பது என் பழக்கம். சோற்றுப் பானைக்குள்ளும் மார்க்கப் பயான் தேடுகிறவள் என்று கணவர் கேலி செய்வார். அந்தப் பழக்கம் இப்போது எனக்கே வினையானது. பால் பொங்கி வழிந்தது, போகாதே என்று எடுத்துக்கொண்டேன். கொடியில் கிடந்த என் அபாயா அங்கி கம்பியில் மாட்டிக் கிழிந்தது, அதுவும் போகாதே. வெட்டிய மீனுக்குள் இரத்தம் கட்டியாக இருந்தது. அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் தந்த இரண்டு திகதிகளும் கடந்து போயின. கணவர் சண்டை பிடிக்கவில்லை. தொழுகைப் பாயில் அதிக நேரம் இருந்தார்.

அந்தக் கிழமை அவர் விதை நெல்லை ஊறப் போட்டு, முளை கட்டுவதற்காகச் சாக்கில் கட்டிக் குசினி அடுப்பு மூலையில் வைத்திருந்தார். விதைக்கிற நாளில் மழை பிடித்துக்கொண்டது. வயலில் தண்ணீர் நின்றது. மழை ஓயட்டுமே, சாக்கு இங்கேயே கிடக்கட்டும் என்றேன். அவர் சாக்கை அவிழ்த்து, கையை விட்டுப் பார் என்றார். விட்டேன். உள்ளே காய்ச்சல்காரன் உடம்பு மாதிரிச் சுட்டது. வெள்ளை வேர்கள் ஒன்றோடொன்று பின்னத் தொடங்கியிருந்தன.

"இன்னும் ஒரு நாள் உள்ள கிடந்தா அவிஞ்சி போயிரும் புள்ள. முளைக்க வெச்சது அல்லாஹ். எடுத்து வீசுறது நம்மட வேல. தண்ணிய வெட்டி விட்டுட்டு இண்டைக்கே விதைக்கணும்."

சாக்கைத் தூக்கிக்கொண்டு அவர் மழைக்குள் போய்விட்டார். நான் குசினியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அல்லாஹ்விடம் நான் கேட்ட துஆவையும் இப்படித்தானே கட்டி வைத்திருக்கிறேன் என்று தோன்றியது. நோவில்லாத நேரத்திலேயே கட்டியைக் காட்டித் தந்தான். கூட்டிப் போக ஒரு மனிதனைத் தந்தான். தள்ளிப் போடாதே என்று சொல்ல ஒரு டாக்டரைத் தந்தான். இதற்கு மேல் என்ன பதில் வேண்டும் எனக்கு? பாலும் அபாயாவும் மீனும் சொன்னது என் பயம் சொல்லிக் கொடுத்ததைத்தான். நினைத்து நினைத்து அழுதேன். நண்பகல் ளுஹர் தொழுது, "யா அல்லாஹ், எனக்கு அடையாளம் வேண்டாம், கால் நடுங்காமல் இருந்தால் போதும்" என்று கேட்டேன்.

மாலை அஸர் நேரம் அவர் சேறும் சகதியுமாக வந்தார்.

"மச்சான், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றேன்.

அவர் கிணற்றடியில் நெடுநேரம் முகம் கழுவினார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை நாளும் துஆக் கேட்டதாகப் பிறகு சொன்னார். அவன் ஏற்றுக் கபூலாக்கியது என் துஆ மட்டுமில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

கட்டி கெட்டதுதான், புற்றுநோய். ஆனால் பரவியிருக்கவில்லை. ஒப்பரேஷன் முடிந்தது, மருந்து ஏற்றினார்கள், முடி எல்லாம் கொட்டியது. இன்னும் கிளினிக் போகிறேன். அல்ஹம்துலில்லாஹ், நோன்பும் பிடித்தேன். இப்போதும் எதைக் கண்டாலும் பாடம் எடுக்கிறேன். ஆனால் அந்தப் பாடம் என்னை எழும்பச் சொல்கிறதா, படுக்கச் சொல்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். சகோதரிகளே, நீங்களும் அவனிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு எழும்புங்கள். அவன் கைவிட மாட்டான்.

போன வாரம் பெண்கள் கூடும் மஜ்லிஸில் இதையெல்லாம் சொன்னேன். எல்லோரும் போன பிறகும் ஒருத்தி மட்டும் போகாமல் பாய்களைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ராத்தா, எனக்கும் அப்படி ஒரு கட்டி இரிக்கி. எட்டு மாசமா. இன்னும் ஒருத்தருக்கும் சொல்லல்ல."

அவள் கையிலிருந்த பாயை வாங்கிச் சுவரில் சாய்த்தேன்.

"செருப்பப் போடுங்க," என்றேன். "நானும் வாறன்."