அண்ணன் சாக்கு மாட்டிய சுவர்கள்

அண்ணன் அவர்கள் நம்மை விட்டுப் போன நாள், ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தம்பி எழுதுகிறேன். நான் எழுதிப் பழகியவன் அல்ல, பேசிப் பழகியவன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்காட்டு ஊர் ஒன்றில். எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. அப்பா போனபின் அரியலூருக்கு வந்து, ரயிலடிக்கு அருகே இருந்த சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தார். பிறகு ஆபரேட்டர் ஆனார். புரொஜெக்டருக்குள் கரிக்குச்சி எரித்து, அந்த வெளிச்சத்தில் படம் காட்டிய காலம் அது. அந்தப் புகையில் நின்றுதான் எனக்குச் சோறு போட்டார், கல்யாணமும் செய்து வைத்தார்.

கூட்டம் வற்றிக் கொட்டகையை மூடியபோது, முதலாளி அதைக் குடோனாக்கப் பார்த்தார். அண்ணன் விடவில்லை. "ஆடிக் கறக்குற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்டப் பாடிக் கறக்கணும். படம் ஓடலன்னா பாட்டு ஓடட்டுமே முதலாளி" என்றார். திரையைக் கழற்றி மேடை கட்டி, மெல்லிசைக் குழுக்களை அழைத்தார்.

முதல் கச்சேரியிலேயே மானம் போனது. வெறும் சுவரில் முட்டி ஒவ்வொரு வரியும் திரும்பி வந்தது. "ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு பாட்டாண்ணே!" என்று ஒருவர் கத்த, கொட்டகையே சிரித்தது.

மறுநாள் காலையில் அண்ணன் கொட்டகை நடுவில் நின்று கைதட்டித் தட்டிக் கேட்டார். அப்போது நான் சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். "ஏன்டா, உங்க ஆலையில கிழிஞ்ச சணல் சாக்கு கெடக்குமா? சொவத்துல மாட்டுனா சத்தத்த முழுங்கிடும்" என்றார். நான் ஒரு டெம்போ நிறையக் கொண்டுவந்து இறக்கினேன். "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்" என்று முதுகில் தட்டினார்.

சாக்கெல்லாம் சிமெண்ட் தூசி. அண்ணி, "வெளிய வச்சுத் தட்டுங்களேன்" என்றார்கள். "தெருவுல தட்டுனா அடுத்த வூட்டு சோத்துல விழும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துண்டைக் கட்டி, ஒரு மாதம் உள்ளேயே தட்டித் தைத்தார். அடுத்தவருக்கு இடைஞ்சல் கூடாது என்பது அவர் குணம். அந்தக் குணம்தான் அவரைத் தின்றது.

எதிரொலி அடங்கியது. பெரம்பலூரிலிருந்தெல்லாம் பஸ் ஏறிக் கேட்க வந்தார்கள். டிரம்ஸ் அதிரும்போது சாக்கிலிருந்து பொடி உதிர்ந்து விளக்கு வெளிச்சத்தில் மிதக்கும். மேடைப் புகை என்று நினைத்துச் சனம் கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன்.

பல வருடம் கழித்து இருமல் வந்தது. பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. கரிப்புகையும் சிமெண்ட் தூசியும் சேர்ந்து நுரையீரலை இறுக்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். கட்டில் ஓரம் உட்கார்ந்து, "சாக்கக் கொண்டாந்தது நாந்தானண்ணே" என்று அழுதேன். "கேட்டது நாந்தானடா" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "அத எறக்கிடு. பாடுற புள்ளைங்க மூச்ச இழுத்து இழுத்துல்ல பாடுது" என்றார்.

அவர் படுத்தபின் கொட்டகையை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒத்துக்கொண்ட கச்சேரிகள் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். இரண்டு முறை, "எறக்கியாச்சா?" என்று கேட்டார். இரண்டு முறையும், "ஆச்சுண்ணே" என்றேன். அண்ணியிடம்கூட நான் சொல்லாதது இது. என் பொய்யை நம்பித்தான் அவர் கண்ணை மூடினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே கச்சேரிகளை நிறுத்தினேன். சாக்குகளைத் தண்ணீர் விட்டு நனைத்து ஒவ்வொன்றாக இறக்கினேன். கூட நின்ற மெல்லிசைக் குழுவினருக்கும், ஆக்ஸிஜன் சிலிண்டர் சுமந்து வந்த தெருக்காரர்களுக்கும், அண்ணியை ஒரு நாளும் தனியே விடாத உறவுகளுக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இன்றைய நினைவுக் கூட்டம் அதே கொட்டகையில்தான். சுவர் வெறுமையாக இருக்கிறது. நீங்கள் பேசுவதெல்லாம் இரண்டு முறை கேட்கும். யாரும் சிரிக்க வேண்டாம். மூச்சை நன்றாக இழுத்துப் பேசுங்கள்.