நிழல் இல்லாத நண்பகல்

இன்று காலை தொழிற்சாலை லைனில் மேசைமேல் நிறுத்திவைத்த போல்ட்டுக்கு நிழலே இல்லை. எந்தப் பொருளுக்கும் நிழல் விழாதபடிதான் இந்தக் கூடத்தில் விளக்குகளைப் பொருத்தியிருக்கிறார்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது இந்த இடம் பென்னலூர் மாடுகள் மேயும் வெளி. நடுவில் மாடுகள் முதுகு தேய்த்துக்கொள்ள நட்ட ஒரு கல், தேய்ந்து தேய்ந்து எண்ணெய் பூசியதுபோல மினுங்கிக்கொண்டு, பிளவுகளில் மாட்டு ரோமம் ஒட்டியிருக்க, வெயிலில் சுட்டுக்கொண்டு நிற்கும். அதன் நிழல் சுருங்கி அடிக்கு வந்தால் எங்களுக்குக் கஞ்சி நேரம். ஒரு சித்திரை உச்சியில் அந்த நிழல் அடியோடு காணாமல் போனதைச் சொன்னேன். கூட மேய்த்த செல்வி, "இன்னாடி, மாடு மேஞ்சிடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை.

வருடத்தில் இரண்டு நாள் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது என்று வெகுகாலம் கழித்துச் செய்தித்தாளில் படித்தேன். அன்றிலிருந்து, நான் கண்டது பொய்யில்லை என்று எனக்கே ஒருமுறை காட்டிக்கொள்ள நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஷிப்ட் குறுக்கே வருகிறது.

இன்று அந்த நாள். தயங்கித் தயங்கி சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"தம்பி, உச்சிக்கு மட்டும் கொஞ்சம் வெளியே போய்ட்டு வரேன்."

"எதுக்குக்கா?"

"நிழல் பார்க்க."

"இன்னாக்கா நீ. லைன் நின்னா என் நிழல்கூட மிஞ்சாது."

சாப்பாட்டு மணி அடித்து ஓடிவந்தபோது என் நிழல் கிழக்கே அரைச் சாண் நகர்ந்திருந்தது. ஆவணியில் மறுபடி வரும். அன்று மேகம் இருக்கும், இல்லையென்றால் இதே ஷிப்ட் இருக்கும். சாப்பிட்டுவிட்டு உள்ளே திரும்பினேன். வாசலைத் தாண்டியதும் அந்த அரைச் சாணும் போய்விட்டது.