புரிஞ்சுது டீச்சர்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் ஜெனியை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வேலையில் சேருவதே நாளைக்குத்தான். காட்கோபரில் ஒரு பள்ளி, ஆறாம் வகுப்பு, கணக்கு. அம்மா இருதயமேரி அதற்கென்று எடுத்த காட்டன் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஜெனிக்கோ பயமாக இருந்தது.

பிள்ளைகளை நினைத்துப் பயமில்லை. தனக்குப் பாடம் நடத்த வருமா வராதா என்பதே அவளுக்குத் திடீரென்று தெரியாமல் போய்விட்டது.

இரண்டு வருடம் பி.எட். படித்தவளுக்கு இப்படி ஒரு சந்தேகம் வரலாமா என்றால், அந்தப் படிப்பு நடந்த லட்சணம் அப்படி. மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று உண்டு. ஒருத்தி கரும்பலகை முன்னால் நின்று டீச்சர் ஆவாள். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பதினொரு வயதுப் பிள்ளைகள் ஆவார்கள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள்கூட வெட்கமே இல்லாமல் கையைத் தூக்கி, "டீச்சர், டீச்சர்!" என்பார்கள். பின்வரிசையில் மேடம் மார்க் போட்டுக்கொண்டிருப்பார்.

இந்தக் கூத்தில் ஜெனிக்கு நல்ல கிராக்கி. மந்தமான பிள்ளையாக நடிக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. பென்சிலைக் கடித்துக்கொண்டு, "புரியல டீச்சர்" என்பாள். டீச்சராக நிற்பவள் இன்னொரு தடவை விளக்குவாள். உடனே ஜெனி முகமெல்லாம் பல்லாக, "புரிஞ்சுது டீச்சர்!" என்பாள். மேடம் தலையசைப்பார், மார்க் விழும். தங்கள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லித் தோழிகள் அவளுக்கு வடாபாவ் வாங்கிக் கொடுப்பார்கள்.

அம்மா புடவையை மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஜெனிக்கு அது உறைத்தது. பல நாள் அவள் நடிக்கவே இல்லை. நிஜமாகவே புரியவில்லை. இரண்டாவது தடவை சொன்னபோதும் புரியவில்லை. பாவம், டீச்சராக நிற்பவளுக்கு மார்க் போய்விடுமே என்று சிரித்து வைத்தாள். நாளைக்குப் பிள்ளைகளும் அதே மாதிரி சிரித்து வைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரே ஓர் ஆறுதல், அவளே நடத்திய பின்னப் பாடம். வகுப்பிலேயே அதற்குத்தான் அதிக மார்க். முதல் பெஞ்சில் தோழி வந்தனா துள்ளிக் குதித்து, புரிந்தது என்று கத்தினாள். அந்த ஒரு பாடத்தை நம்பித்தான் ஜெனி வேலைக்கே மனுப் போட்டாள்.

மனசு கேட்கவில்லை. திலக் நகரில் இருக்கும் வந்தனாவுக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி வந்தனா, ஒன்னோட கிளாஸ்ல புரிஞ்சுதுன்னு சொன்னேம்லா, அது பொய்யி. எனக்கு ஒரு எழவும் புரியல."

வந்தனா விழுந்து விழுந்து சிரித்தாள். "அரே, இதுக்கா இவ்ளோ பில்டப்பு? உன் ஃபிராக்ஷன் லெசன்ல நானும் அதானே பண்ணேன்!"

ஜெனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாரும் கையத் தூக்குனீங்களே?"

"தூக்கினோம். புரிஞ்சுதான்னு நீ கேட்டே. மேடம் பின்னாடியே உக்காந்திருக்கா. இல்லைன்னு சொல்ல முடியுமா, சொல்லு?"

அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. அப்படியானால் இதுவரை யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்திருக்கிறோமா?

"சரி, இப்பச் சொல்லு. எங்க புரியல?"

வந்தனா யோசித்தாள். "அரையைக் கால்பாகத்தால வகுத்தா ரெண்டு வரும்னே. வகுத்தா குறையத்தானே வேணும்? கையில இருக்கறதே அரை. ரெண்டு எங்கேருந்து வந்துது?"

"ரெண்டாவது பின்னத்தத் தலகீழாப் போட்டுப் பெருக்கணும்லா?"

"அது எனக்கும் தெரியும். ஏன் தலைகீழாப் போடணும்?"

ஜெனி வாயைத் திறந்தாள். விதி வந்ததே தவிர காரணம் வரவில்லை. மார்க் போட்ட மேடம்கூட அதைக் கேட்டதில்லை.

"தெரியலட்டி."

"போச்சு! நாளைக்கு எவனாவது இதைக் கேட்டா?"

"கேட்டா தெரியலன்னு சொல்லிருவேன். நாளைக்குப் பாத்துச் சொல்லுதேன்னு சொல்லிருவேன். ஒண்ணுமே கேக்காம அத்தன புள்ளையளும் புரிஞ்சுதுன்னு மண்டைய ஆட்டிட்டுன்னா? அப்ப என்னட்டி செய்வேன்?"