மூணு புரூஃப் அத்தான்

பற்பசைக் குழாயைப் பிதுக்குவதற்கு முன் அதன் முதுகைப் படித்தாக வேண்டும் அத்தானுக்கு. படித்து, உதட்டைச் சுழித்து, "இதெல்லாம் ஒரு வாக்கியமா?" என்று கண்ணாடியில் தெரியும் தன் முகத்தையே கேட்டுவிட்டுத்தான் பல் துலக்க ஆரம்பிப்பார். வெளியே ஆள் நின்று கதவைத் தட்டினாலும் இந்த முறை மாறாது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாள், லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், எதையும் விடமாட்டார். காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. ஒருமுறை வங்கியில் வரிசையில் நின்றபோது, சுவரில் தொங்கிய அறிவிப்பைத் திருத்திக் கொடுத்துவிட்டு காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

என் அக்காவின் கணவர். நான் அவர்கள் வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போகிறேன். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறார். புத்தகம் அச்சேறுவதற்கு முன் பிழை பார்த்துக் கொடுக்கும் வேலை. அங்கே அதற்குப் புரூஃப் பார்ப்பது என்றுதான் பேச்சு. அவருக்கு அங்கே 'மூணு புரூஃப்' என்று பெயர். எந்தப் புத்தகமானாலும் மூன்று பேர் பார்த்துத்தான் வெளியே போக வேண்டும் என்பார். "ஒருத்தன் கண்ணு ஒரு தப்ப விடும். ரெண்டாவது ஆளு வேற ஒண்ண விடுவான். மூணாவது ஆளு கையில மாட்டாம எது போகும்?" என்று கேட்பார். அச்சக முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார். "இவருகிட்ட புத்தகம் குடுத்தா சுத்தமா வரும். என்ன, எழுதினவனோட பேரப்பிள்ளைதான் வந்து வாங்கிட்டுப் போகணும்" என்பார்.

கண்ணாடி இல்லாவிட்டால் அத்தானுக்குத் தன் உள்ளங்கையே மங்கல். அதனால் தூங்கும் நேரம் தவிர அது முகத்தில்தான் இருக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு அவர் யாரோடும் பேசி நான் பார்த்ததில்லை. நம்மோடு பேசும்போதும் நம் சட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருப்பார்.

இதுவரைக்கும் படித்தவர்கள் சிரித்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருந்து பாருங்கள், சிரிப்பு எங்கே போகிறது என்று தெரியும்.

அக்கா கணக்கு டீச்சராக இருந்தவள். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது வேலையை விட்டாள். பிள்ளைகள் வளர்ந்து படிக்க வெளியூர் போன பிறகு, போன வருடம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆள் கேட்டார்கள். அக்கா ஆசையாக ஒரு விண்ணப்பம் எழுதினாள். அத்தான் வாங்கிப் பார்த்தார். சிவப்புப் பேனா எடுத்தார். விண்ணப்பம் அச்சகத்துக்குப் போய் இன்னொருவர் பார்த்து, மூன்றாவது ஆள் லீவு முடிந்து வந்து பார்ப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். விண்ணப்பத்தில் ஒரு பிழை கிடையாது. வேலையும் கிடையாது. அக்கா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னேன். நான் சொன்னதைப் பத்திரிகையில் போடமாட்டார்கள்.

இந்த வருடம் அவள் யாரிடமும் காட்டாமல் ஒரு விண்ணப்பம் போட்டாள். வீட்டில் உட்கார்ந்தபடியே வீடியோவில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை. அவர்கள் பதில் போட்டார்கள். திங்கட்கிழமை காலை ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், பிடித்திருந்தால் வேலை. வெள்ளிக்கிழமை அக்கா தன் சேமிப்பில் ஒரு லேப்டாப் வாங்கிக்கொண்டு வந்தாள். அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தது அவள் இல்லை. அத்தான்தான் எடுத்தார், உள்ளே இருந்த உத்தரவாதச் சீட்டைப் படிப்பதற்காக.

படித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஆன்டிவைரஸ் போடாம இதத் தொடாத. கதவு இல்லாத வீட்டுல யாராவது குடியேறுவாங்களா?"

சரி, போடுங்கள். யார் வேண்டாம் என்றது? ஆனால் அத்தான் போடுவதாக இல்லை, தேர்ந்தெடுப்பதாக இருந்தார். அக்கா கடைக்குப் போன் செய்து கேட்டாள். கடைப் பெண், "மேடம், அதுலயே ஒண்ணு கூடவே வருது. ஃப்ரீதான். அது போதும்" என்றாள். பக்கத்தில் நின்று கேட்ட அத்தானுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"லேப்டாப்புக்கு உள்ள எல்லாத்தையும் எழுதினவனே அதுக்குக் காவலும் போட்டிருக்கானாம். எழுதினவனே புரூஃப் பாத்தா தப்பு தெரியுமா? அவனவன் எழுதினது அவனவனுக்குச் சரியாத்தான் தெரியும். வெளியாளு பாக்கணும்."

வெளியாள் தேடும் படலம் தொடங்கியது. காசு கொடுத்து வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை, "பயமுறுத்தி விக்கிறவனுக்கு நான் ஏன் அழணும்?" என்றார். இலவசமாகக் கிடைப்பதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தார். கூடவே வரும் நிபந்தனைகளை அச்சகத்தில் அச்செடுத்து வந்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். சாப்பிட எங்களுக்கு அடுப்படிதான் மிச்சம்.

படிக்கப் படிக்க அவர் குரல் ஏறியது. "இலவசம்னு போட்டு மேல ஒரு நட்சத்திரம் போட்டிருக்கான். அடிக்குறிப்பு எங்கடா? எந்தப் பக்கத்துலயும் இல்லையே! நட்சத்திரத்த மட்டும் ஒட்டிட்டு ஓடிட்டான் அயோக்கியன்." இன்னொன்றில், 'சரி' என்ற பட்டன் பச்சையாகக் கை அகலத்துக்கு இருந்தது. 'வேண்டாம்' என்பது வெள்ளையில் வெளிர்ச் சாம்பல் எழுத்து, கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும். மூன்றாவதில் நாம் போடாத டிக்கை அவர்களே போட்டு வைத்திருந்தார்கள். கவனிக்காமல் அழுத்தினால் நாம் கேட்காத வேறு இரண்டும் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். "எங்கிட்டக் கேக்காம எம்பேர்ல டிக் போட இவன் யாரு? இவன் எனக்கு மாமனா, மச்சானா?" என்று மேஜையில் அடித்தார்.

அந்த இடத்தில் மட்டும் நான் அவர் கட்சி. எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. உங்கள் கம்ப்யூட்டருக்கு ஆபத்து என்று சிவப்பில் ஒளிர விட்டு, பயந்து அழுத்தியவனிடம் தொலைபேசி எண்ணைப் பிடுங்கிக்கொள்வதற்குப் பெயர் பாதுகாப்பாம். பெட்டியை விட்டு வெளியே வந்து ஒரு நாள்கூட ஆகாத லேப்டாப்புக்கு என்ன ஆபத்து வந்துவிட்டது? கோபத்துக்கு அத்தானிடம் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு அவர் செய்த காரியம்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

சனி போயிற்று. ஞாயிறு மதியம் அக்கா மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, நாளைக்குக் கிளாஸ். ஒருதடவ எடுத்துப் பழகிக்கிறேனே?"

"இன்னும் முடியல. தொடாத."

"அதுல எழுதறதுக்கு எது எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதுங்க."

"கெட்டுப்போனா உனக்குத்தான் கஷ்டம். உனக்காகத்தான் நான் உக்காந்திருக்கேன்."

மாலையில் தீர்ப்பு வந்தது. மூன்று தேறின. படத்தை வைத்து அவற்றுக்கு அவரே பெயரும் வைத்திருந்தார்: பூட்டுக்காரன், ஆந்தைக்காரன், கோட்டைக்காரன். இவற்றில் எது நல்லது என்று நான் கேட்டேன். முகம் மலர்ந்து, "மூணும்!" என்றார். மூன்றையும் போட்டுவிட்டார். ஒருவன் விட்டதை அடுத்தவன் பிடிப்பான் என்று கணக்கு. எங்கள் அலுவலகத்தில் ஒன்றுதான் போட்டிருக்கிறார்கள், இரண்டாவது போட்டாலே திட்டுவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "உங்க ஆபீஸ்ல புத்தகமா போடறாங்க?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை அக்காவின் தைரியத்துக்காக நான் லீவு போட்டேன். அவள் ஒரு தாளை மடித்து மடித்துப் பின்னக் கணக்கு சொல்லிக் காட்டுவதாக ஏற்பாடு. தலை வாரி, நல்ல புடவை கட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். லேப்டாப் எழுந்திருக்கவே அவ்வளவு நேரம் எடுத்தது. அந்தப் பக்கம் ஒரு பெண்மணி வந்தார். "வணக்கம் மேடம், ஆரம்பிக்கலாம்" என்றார். அக்கா தாளைப் பாதியாக மடித்து உயர்த்தினாள். அப்போது ஆந்தைக்காரன் ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே திருடன் இருக்கிறான் என்றான். திருடன் யார் என்றால் பூட்டுக்காரன். பூட்டுக்காரன் சும்மா இருப்பானா? அவன் கோட்டைக்காரனைப் பிடித்துக் கொடுத்தான். கோட்டைக்காரன் இரண்டு பேரையும் சிறையில் போட அனுமதி கேட்டான். திரையில் பெட்டிக்கு மேல் பெட்டி. அவற்றுக்குப் பின்னால் பாதி மடித்த தாளோடு, வாய் திறந்தபடி அக்காவின் முகம் உறைந்து நின்றது.

"மேடம், கேக்குதா? மேடம்?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். பிறகு அதுவும் இல்லை.

அக்கா திரையை மூடினாள். அடித்து மூடவில்லை, மெதுவாகத்தான் மூடினாள். அத்தான் பின்னால் நின்று, "ஒருத்தன ஒருத்தன் திருடன்னு சொல்றானுங்க. எவன் சொல்றது சரின்னு பாக்கணும். கொஞ்சம் தள்ளு, படிக்கிறேன்" என்றார்.

என் அக்கா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"என்னத்தப் படிக்கப் போறீங்க? போன வருஷம் என் லெட்டரப் படிச்சீங்க. இப்போ இதப் படிச்சீங்க. நான் வாசல்படி தாண்டணும்னா நீங்க ஒரு தடவ படிக்கணும், இன்னும் ரெண்டு பேரு படிக்கணும். நான் என்ன உங்க அச்சகத்துக்கு வந்த புத்தகமா? தப்போடயே போறேன். என்னப் புரூஃப் பாக்காதீங்க!"

"உன் நல்லதுக்குத்தானே..."

"அந்த நல்லதுல எனக்கு ரெண்டு வேல போச்சு."

அத்தான் சிவப்புப் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார், திரும்பச் செருகினார், மறுபடி எடுத்தார். ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன்.

மூன்றையும் நான்தான் நீக்கினேன். ஒவ்வொன்றும் போகும்போது, ஏன் போகச் சொல்கிறீர்கள், நாங்கள் என்ன குறை வைத்தோம், காரணத்தை டிக் செய்யுங்கள் என்று வாசலில் நின்று ஒப்பாரி வைத்தது. ஆந்தைக்காரனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது. அவர்கள் தொலைந்து லேப்டாப் மறுபடி எழுந்ததும், முதலிலிருந்தே உள்ளே இருந்து, கூட்டத்தைப் பார்த்து ஒதுங்கி நின்ற காவல் தானாகவே வேலைக்கு வந்துவிட்டது. யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கடைப் பெண் சொன்னது இவ்வளவுதான். அத்தான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினவனே புரூஃப் பார்க்கலாமா என்று அவர் வாய் திறக்கும், ஒரு பிடி பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் மேஜையில் கிடந்த தாள்களைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தார்.

அக்கா அந்த வீடியோ வகுப்புக்காரர்களுக்குப் போன் செய்தாள். மன்னிப்புக் கேட்டாள், தயங்கினாள், திரும்பக் கேட்டாள். வியாழக்கிழமை இன்னொரு முறை பார்க்கிறோம், அதற்கு மேல் முடியாது என்றார்கள்.

வியாழன் காலை அத்தான் வேலைக்குப் போகவில்லை. அழைக்காமலேயே வந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் அவரை முறைத்துக்கொண்டிருந்தேன். லேப்டாப் சட்டென்று எழுந்தது. அக்கா வகுப்புக்குள் நுழையும் பட்டனை அழுத்தினாள். உடனே திரை முழுவதும் ஒரு பெட்டி வந்து நின்றது. உள்ளே பொடி எழுத்தில் நிபந்தனைகள், கீழே போகப் போக முடியவே முடியாத அளவுக்கு. அடியில் 'சம்மதம்' என்று ஒரே ஒரு பட்டன்.

அத்தானின் கழுத்து தானாக முன்னால் நீண்டது. உதடுகள் முதல் வரியைப் படிக்க ஆரம்பித்துவிட்டன. கை காதுக்குப் போயிற்று. அக்கா திரும்பவில்லை. விரலைப் பட்டன் மேல் வைத்து, அழுத்தாமல், தோளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காதுக்குப் போன கை பேனாவைத் தொடவில்லை. அது கண்ணாடியின் காம்பைப் பிடித்தது. அத்தான் கண்ணாடியைக் கழற்றினார், மடித்தார், சட்டைப் பையிலிருந்த கூட்டுக்குள் வைத்து, அக்காவுக்குக் கேட்கும்படி டப்பென்று மூடினார்.